கிரவுனும் பினியனும்: ஒரு பின்னச்சின் வரலாறு

மாட்டு வண்டி எந்தத் தெருமுனையிலும் சிரமமின்றித் திரும்பிவிடுகிறது. அதன் இருசு சுழல்வதில்லை. இருசின் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே சுழல்கின்றன. கடையாணி சக்கரம் கழன்றுவிடாமல் காக்கிறதே தவிர, ஒரு சக்கரத்தை மற்றதோடு பிணைப்பதில்லை. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது வலச்சக்கரம் கூடுதலாக ஓடுகிறது, இடச்சக்கரம் குறைவாக ஓடுகிறது. எவ்வளவு கூடுதல் என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். சக்கரங்களுக்கு இடையே 4 அடி அகலமென்றால், ஒரு செங்கோணத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடச் சுமார் 6.3 அடி அதிகம் ஓடும். திருப்பம் அகன்றதோ குறுகியதோ, இந்த வேறுபாடு மாறாது. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசித் தேர் நிலைக்குத் திரும்புவதற்குள் அதன் வெளிச்சக்கரங்கள் இந்தக் கணக்கைப் பன்மடங்காக ஓடித் தீர்த்திருக்கும். முட்டுக்கட்டை போடுகிறவர் தேரின் திசையைத்தான் திருத்துகிறார். இரு சக்கரங்களின் ஓட்டத்துக்கும் இடையே எழும் வழக்கை யாரும் தீர்த்துவைக்க வேண்டியதில்லை.

மோட்டார் வாகனத்தில் அந்த வழக்கைத் தீர்த்துவைக்கிற பொறியமைப்புதான் டிஃபரென்ஷியல். இலக்கிய வாசகருக்குப் பின்னச்சில் என்ன வேலை என்ற கேள்வி எழலாம். தேரைப் பற்றிப் பேசும்போது அச்சு, ஆரம், குடம், வட்டை என்று நம் மொழி சளைக்காமல் பேசியது. அதே மொழி பேசும் கைகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காரின் பின்னச்சை வீட்டு வாசலில் பிரித்துப் பூட்டிவந்திருக்கின்றன. ஓர் ஆலை தன் காரின் அச்சையே மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அந்தக் கைகளுக்குச் செல்வாக்கும் இருந்திருக்கிறது. அந்த வித்தையை நாம் எழுத்தில் ஏற்றவில்லை. ஏற்றாமலே அது மெல்லக் குறைந்துவருகிறது. நம் கவலை அதுதான்.

சிக்கல் தொடங்குவது இழுவிசை இடம் மாறும்போது. மாடு வண்டிக்கு முன்னால் நின்று இழுக்கிறது. சக்கரம் உருண்டு கொடுக்கிறது, அவ்வளவே. எந்திரமோ வண்டிக்குள் அமர்ந்துகொண்டு சக்கரத்தையே சுழற்றுகிறது. இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்துச் சுழற்றினால், நீண்ட வழிக்கும் குறுகிய வழிக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்றியாக வேண்டும். ஏதேனும் ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபடும். அல்லது தண்டு முறுக்கேறும். ஒற்றைச் சக்கரத்தை மட்டும் சுழற்றினாலோ வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

பாரிசைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கூர் என்பவர் நீராவி வண்டிக்காக இதற்கொரு தீர்வு கண்டு 1828இல் காப்புரிமை பெற்றார். கார் என்ற பொருள் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே காரின் பின்னச்சு பிறந்துவிட்டது. 1877இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி மூன்று சக்கர மிதிவண்டிக்கு இதைப் பொருத்தினார். தந்தையும் மகனும் அருகருகே அமர்ந்து மிதிக்கும் வண்டியொன்றில் போனபோது, மகனின் இளங்கால் வலுவால் வண்டி ஒருபக்கமாகத் திரும்பி முட்செடிகளுக்குள் விழுந்ததாகவும், அதிலிருந்தே ஸ்டார்லிக்கு இந்த எண்ணம் உதித்ததாகவும் ஒரு கதை உண்டு. இன்னும் பின்னோக்கிப் போக விரும்புபவர்கள் சீனத்தின் ‘தெற்குக் காட்டும் தேர்’வரை போகிறார்கள். எப்படித் திரும்பினாலும் மேலிருக்கும் பதுமையின் கை தெற்கையே சுட்டும் அந்தத் தேரைக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் மா ஜுன் செய்ததாகச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. அதனுள் இருந்தது டிஃபரென்ஷியலாக இருக்கலாம் என்று 1947இல் விளக்கியவர் ஜார்ஜ் லான்செஸ்டர் என்ற கார்ப் பொறியாளர். மூலத்தேர் எதுவும் எஞ்சவில்லை என்பதால் இதை அழகிய ஊகம் என்பதற்குமேல் நாம் கொள்ள வேண்டியதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். எந்திரத்திலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் பினியன் என்ற சிறு பற்சக்கரம். அது கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுன் தன்னோடு ஒரு கூட்டைச் சுமந்து சுழல்கிறது. கூட்டுக்குள் ஸ்டார் பினியன்கள். அவற்றின் இருபுறமும் பல் கோத்தபடி சன் கியர்கள். ஒவ்வொரு சன் கியரிலிருந்தும் ஒரு சக்கரத்துக்கு ஓர் ஆக்சில் தண்டு. நேர்ச்சாலையில் கூடு மொத்தமும் ஒரே கட்டியாகச் சுழல்கிறது. ஸ்டார் பினியன்கள் தம் அச்சில் அசைவதேயில்லை. திருப்பம் வந்ததும் அவை மெல்லச் சுழன்று, ஒரு பக்கத்தில் குறைந்த சுற்றை மறுபக்கத்தில் கூட்டிவிடுகின்றன. இரு சக்கரங்களின் சுற்றுகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் எப்போதும் கூட்டின் சுற்றே வரும். நீதி தவறாத கணக்கு. ஆனால் அந்த நீதிக்கும் ஓர் எல்லையுண்டு. டிஃபரென்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சம அளவு முறுக்குவிசையையே தரும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்தால் மற்றதற்கும் அந்த அற்ப விசைதான் கிடைக்கும். உத்திரமேரூர் ஏரிப் பாசன நஞ்சையில் டிராக்டர் ஓட்டுபவர்கள் இதை நன்கறிவார்கள். ஒரு சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கியதும் டிஃப் லாக் பெடலை மிதிப்பார்கள்; இரு பின்சக்கரங்களும் தற்காலிகமாக ஒன்றாகி, வண்டி சேற்றிலிருந்து ஏறிவிடும். மேடேறியதும் காலை எடுத்துவிட வேண்டும்.

பினியனும் கிரவுனும் செங்கோணத்தில் சந்திக்கின்றன என்பதில்தான் தொழிலின் நுட்பமெல்லாம் அடங்கியிருக்கிறது. நேர்ப்பற்கள் இரைந்தன. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரத்துக் கிளீசன் ஆலை 1913இல் வளைந்த பற்களை வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. (அந்த ஆலையின் இயந்திரங்களை ஊர் ஊராகச் சென்று விற்றவர் நிறுவனரின் மகள் கேட் கிளீசன். 1914இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர்.) 1920களின் நடுவில் ஹைப்பாய்ட் பல் வந்தது, பக்கார்டு நிறுவனம் அதைத் தன் கார்களில் பொருத்தியது. ஹைப்பாய்டில் பினியன் கிரவுனின் மையத்துக்கு நேராக அல்லாமல் சற்றுக் கீழே அமர்கிறது. அதனால் நீளத்தண்டு தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது. ஆனால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால் சாதாரண எண்ணெய் தாக்குப்பிடிக்கவில்லை. கந்தகச் சேர்மம் கலந்த கெட்டியான எண்ணெய் தேவைப்பட்டது. பின்னச்சைத் திறந்தவுடன் மூக்கைத் தாக்கும் அந்த நாற்றம், கடைகளில் ‘90 ஆயில்’ என்று கேட்டு வாங்கப்படும் எண்ணெயினுடையது.

நம் பக்கத்துக்கு வருவோம். மதராசில் 1903இல் சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். கோவையில் ஜி.டி.நாயுடு உணவு விடுதியில் வேலைபார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பார்த்துப் பூட்டியதும், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியதும் எல்லோரும் அறிந்தவை. பிரித்துப் பார்ப்பதே இங்கே பாடநூலாக இருந்தது. ஆனால் நம் கதைக்கு மிக நெருங்கிய இடம், உத்திரமேரூரிலிருந்து அறுபது கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் வண்டலூர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இரண்டும் அடங்கியிருந்தன. 1997இல் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிந்தபோதும் சேர்ந்தே இருந்தன. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகுதான் வேறாயின.

1948இல் மதராசின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. வண்டலூர்ப் பெருங்களத்தூர் ஆலையிலிருந்து முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் எனக் கார்கள் வந்தன. 1961இல் வந்தது ஹெரால்டு. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்து, 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளியான கார் அது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். முன்பக்க முகடு மொத்தமும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறந்துகொள்ளும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எந்திரத்தைப் பழுது பார்க்கலாம். இவ்வளவு வசதியான காரின் பின்புறத்தில்தான் வம்பு இருந்தது.

அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பின்னச்சு என்பது ஒரே உத்தரம். இடக்கோடி முதல் வலக்கோடிவரை ஒரே இரும்புறை. நடுவில் உப்பிய வயிற்றில் டிஃபரென்ஷியல். ஹெரால்டில் அந்த உத்தரம் இல்லை. டிஃபரென்ஷியல் சட்டத்தோடு முடுக்கப்பட்டிருந்தது. அதன் இருபுறமிருந்தும் மூட்டு வைத்த இரண்டு அரைத்தண்டுகள், தோளிலிருந்து தொங்கும் கைகளைப் போல, சக்கரங்களைப் பிடித்திருந்தன. மேலே குறுக்காக ஒரே ஒரு வில். ஊசலச்சு என்று இதைத் தமிழில் சொல்லலாம். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றது அதை அறியாது, பயணம் சுகம். ஆனால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் நிமிர்வு மாறும். வேகமாக வளைந்துகொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், வெளிப்புறச் சக்கரம் வண்டிக்கடியில் மடங்கப் பார்க்கும். வில் தளர்ந்துவிட்டாலோ சக்கரங்கள் ஒருபுறமாகச் சாய்ந்து ஓடி, டயரின் ஒரு விளிம்பை மட்டும் தின்னும்.

1972இல் ஹெரால்டின் வழித்தோன்றலாக கெஸல் வந்தபோது ஊசலச்சு போய்விட்டது. உத்தர அச்சு வந்துவிட்டது. நம்மூர் மெக்கானிக்குகளுக்கு ஊசலச்சு பிடிக்கவில்லை, பக்குவமாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் பின் டயர்கள் விரைவில் நாசமாயின என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். கார் வரலாறு எழுதுபவர்கள் இதை ஒரு பின்னடைவாகக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். முன்னேறிய தொழில்நுட்பத்தை இந்திய மெக்கானிக்கால் கையாள முடியவில்லை என்ற தொனி அதில் தெரிகிறது. நாம் அப்படிப் பார்க்கவில்லை. அதே காலத்தில் இங்கிலாந்திலேயே இந்த அச்சின் குறை ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. 1970 இறுதியில் வந்த நான்காம் ஸ்பிட்ஃபயர் காரில் குறுக்கு வில்லின் நடு ஏடுகளைத் தளர்த்தி அமைத்துச் சக்கரம் மடங்குவதைக் குறைத்தார்கள். அங்கே வில்லைத் திருத்தினார்கள், இங்கே அச்சைத் திருத்தினார்கள். ஐந்து பேருக்கான காரில் எட்டுப் பேர் ஏறி, மழைக்குப் பின் குழிவிழுந்த சாலையில் போகும் ஊரில் எந்த அச்சு நிமிர்ந்து நிற்கும் என்பதை அறிந்தவர்கள், எண்ணெய்க் கையோடு வண்டிக்கடியில் படுத்துக்கிடந்தவர்கள்தாம். வடிவமைப்பாளரின் மேசைக்கு அவர்களுடைய தீர்ப்பு போய்ச் சேர்ந்தது. நம் தொழில் வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதல்ல.

கெஸல் 1970களின் பிற்பகுதிவரை வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார். ரோவரின் நவீன உடலும் பழைய வேன்கார்டு வழிவந்த எந்திரமும் கொண்ட பொருந்தாத் திருமணம். 1988இல் ஆலை நின்றது. ஆனால் கார்கள் நிற்கவில்லை. ஆலை மூடிய காரைத் தொடர்ந்து ஓடவைப்பது யாருடைய வேலை? அது வீட்டு வாசல்களுக்கு வந்து சேர்ந்தது.

உத்திரமேரூர்ப் பகுதியில் வேப்பமர நிழலையோ வீட்டுத் தாழ்வாரத்தையோ பட்டறையாக்கிக்கொண்ட மெக்கானிக்குகளை நாம் பலமுறை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். நிலக்கடலை மூட்டை ஏற்றும் பழைய ஜீப்பின் பின்னச்சு பெரும்பாலும் அங்கே இருக்கும். “கிரவுன் அழுவுது சார்” என்பார் மேஸ்திரி. அழுகையிலும் வகை உண்டு. வண்டி இழுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பற்களின் ஒரு முகத்தில் கோளாறு; காலை எடுத்து வண்டி தானாக ஓடும்போது ஊளையிட்டால் மறுமுகத்தில். இரண்டிலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங். திருப்பத்தில் மட்டும் சத்தம் வந்தால் உள்ளிருக்கும் ஸ்டார் பினியன். கிளப்பும்போது ‘டக்’ என்று ஒரு அடி அடித்தால் பற்களுக்கு இடையே இடைவெளி மிகுந்துவிட்டது. வண்டியைத் தூக்குவதற்கு முன் அதை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கைவைப்பார்கள்.

பிரிப்பதற்கு முன் குறிக்க வேண்டும். பேரிங் மூடிகள் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் வைத்துக் கடையப்பட்டது; மாற்றிப் பூட்டினால் பேரிங் வட்டமாக அமராது. ஆகவே சென்டர் பஞ்சால் இடப்புறத்துக்கு ஒரு புள்ளி, வலப்புறத்துக்கு இரண்டு. கிரவுனும் பினியனும் ஆலையில் ஒன்றோடொன்று உரசவிட்டு மெருகேற்றப்பட்ட இணை. இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் மற்றதும் போனதுதான். பற்களின் எண்ணிக்கையிலும் ஓர் அழகு உண்டு. பினியனில் 9, கிரவுனில் 41 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பொது வகுஎண் இல்லை. அதனால் பினியனின் ஒரு பல், கிரவுனின் எல்லாப் பற்களையும் ஒவ்வொன்றாகச் சந்தித்து முடித்த பிறகே, அதாவது 41 சுற்றுகளுக்குப் பிறகே, முதலில் சந்தித்த பல்லைத் திரும்பச் சந்திக்கும். தேய்மானம் ஓரிடத்தில் தங்காமல் எங்கும் பரவுகிறது.

முதல் வேலை பினியனின் ஆழம். பினியன் தலைக்குப் பின்னே ஷிம் என்னும் மெல்லிய தகட்டு வளையம் இருக்கிறது. அதன் தடிமனே பினியன் கிரவுனுக்குள் எவ்வளவு நுழைய வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. பினியன் தலையில் ஆலை கீறிவைத்த கூட்டல் கழித்தல் எண் ஒன்று இருந்தால் அது துணை. துருவில் மறைந்திருந்தால் பழைய ஷிம்மின் தடிமனே துணை. ஆலையின் கையேடு சிறப்பு அளவைக்கருவி கேட்கும். வாசலில் அது இல்லை. ஒரு தடிமனைப் போட்டுப் பூட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி, மாற்றிப் போடுவதே வழி. பேரிங்கை அடித்து ஏற்றினால் கெட்டுவிடும். சூடான எண்ணெயில் கிடத்தினால் அது சற்று விரிந்து தண்டில் தானாக இறங்கும்.

அடுத்தது பினியன் பேரிங்குகளின் இறுக்கம். தளர்வாக இருந்தால் பினியன் சுமையில் பின்வாங்கும். அதிகம் இறுக்கினால் பேரிங் காய்ந்து கருகும். இதை அளக்க ஆலைக் கையேடுகளே எளிய வழியொன்றைச் சொல்கின்றன. பினியன் ஃபிளாஞ்சில் நூலைச் சுற்றி, வில் தராசைக் கோத்து, சீராக இழுக்க வேண்டும். தராசு காட்டும் எடையைச் சுற்றின் ஆரத்தால் பெருக்கினால் முறுக்கு கிடைத்துவிடும். விறகுக்கும் புளிக்கும் நிறுத்த தராசு, அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு ஷிம்முக்கும் நிறுக்கிறது.

பிறகு கூட்டை அமர்த்திக் கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே பேக்லாஷ் என்ற இடைவெளியை வைக்க வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு இது 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர்வரை. நம் மாணவர்கள் தேர்வெழுதும் தாளின் தடிமன் ஏறக்குறைய 0.10 மில்லிமீட்டர் என்றால் இந்த அளவின் நுட்பம் விளங்கும். இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் விரியும் பற்கள் ஒன்றையொன்று நெரிக்கும். மிகுந்தால் ஒன்றையொன்று அடிக்கும். டயல் கேஜ் இருப்பவர்கள் கிரவுனின் பல்லில் அதன் மூக்கை வைத்து அசைத்துப் பார்ப்பார்கள். இல்லாதவர்கள் பற்களுக்கிடையே ஈயக்கம்பியைக் கொடுத்துச் சுழற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளப்பார்கள். இடப்பக்க ஷிம்மில் எடுத்ததை வலப்பக்கத்தில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கப் பேரிங்குகளின் இறுக்கம் மாறிவிடும். ஹெரால்டு போன்ற அச்சுகளில் இரும்புறையையே சற்று விரித்துப் பிடிக்கும் கருவியொன்றைக் கையேடு கேட்கிறது. அந்த இடத்தில்தான் வாசற் பட்டறை திணறும். சம்மட்டியால் தட்டி நுழைத்தவர்கள் உண்டு. அது நல்ல வேலையல்ல என்பதை அவர்களே சொல்வார்கள்.

கடைசியில் பற்களே சாட்சி சொல்ல வேண்டும். கிரவுனின் சில பற்களில் பிரஷ்யன் நீலத்தையோ எண்ணெயில் குழைத்த சிவப்பு ஈயப்பொடியையோ மெல்லப் பூசுவார்கள். பையன் ஒரு மரக்கட்டையால் கிரவுனை அழுத்திப் பிடித்துத் தடை கொடுப்பான். மேஸ்திரி பினியனை முன்னும் பின்னும் சுழற்றுவார். பற்கள் தொட்ட இடத்தில் சாயம் விலகி ஒரு தடம் விழும். தடம் பல்லின் நடுவே முட்டை வடிவில் விழுந்தால் வேலை முடிந்தது. பல்லின் அடியில் விழுந்தால் பினியன் ஆழமாகப் போய்விட்டது. உச்சியில் விழுந்தால் வெளியே நிற்கிறது. உள்முனையிலோ வெளிமுனையிலோ ஒதுங்கினால் கிரவுனை நகர்த்த வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும் என்பதால், காலையில் தொடங்கிய வேலையில் ஐந்தாறு முறை கழற்றிப் பூட்டி, மாலையில்தான் அந்த முட்டை நடுவில் வந்து அமரும். இதை நாம் பார்த்திருக்கிறோம். அவசரப்படுபவர்களுக்கு வாய்க்கிற வேலையல்ல.

திருத்தித் திருத்தி அமைக்கும் இந்தப் பொறுமை அந்த ஊருக்குப் புதிதல்ல என்று தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதாவது 919, 921 ஆகிய ஆண்டுகள். குடவோலைத் தேர்தலின் முறை அவற்றில் படிப்படியாகச் சொல்லப்பட்டிருக்கிறது: 30 குடும்புகள், ஓலையில் பெயர், குடம், விவரமறியாத சிறுவன் எடுத்துக் கொடுக்கும் சீட்டு, ஏரி வாரியம், தோட்ட வாரியம். 919இல் உறுப்பினருக்கு வயது 30க்கு மேல், 60க்குள் என்று வைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அது 35க்கு மேல், 70க்குள் என்று மாறியது. பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஷிம்மை மாற்றியிருக்கிறார்கள். குடியாட்சியின் பெருமைக்காக அந்தக் கல்வெட்டை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நம்மை ஈர்ப்பது வேறொன்று. அது ஒரு செயல்முறை நூல். இதைச் செய், இதற்குப்பின் இதைச் செய், தவறினால் இப்படித் திருத்து என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதும் உரைநடை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் இருந்திருக்கிறது.

அப்படியிருக்கப் பின்னச்சுக்கு ஏன் அந்த உரைநடை வாய்க்கவில்லை? முயற்சிகளே இல்லையென்று சொல்லக்கூடாது. கோவையிலிருந்து 1948 முதல் ஜி.ஆர்.தாமோதரன் நடத்திய ‘கலைக்கதிர்’ அறிவியலைத் தமிழில் எழுதியது. பெரியசாமித் தூரனின் தலைமையில் 1954 தொடங்கிக் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்தது. பற்சக்கரம், பல்லிணை என்ற கலைச்சொற்கள் அகராதியில் அமர்ந்தன. குறை சொற்களில் இல்லை. பொறியை விளக்கும் தமிழ் இருந்தது. பொறியைத் திருத்தும் தமிழ் எழுதப்படவில்லை. அழுகையைக் கேட்டு நோயறியும் அந்தக் காது, சாயத்தின் தடத்தைப் படிக்கும் அந்தக் கண், இவை வாய்மொழியாகக்கூட முழுமையாகச் சொல்லப்படுவதில்லை. பையன் மேஸ்திரியோடு பத்தாண்டு நின்றால் அவனுக்கு வந்துவிடும், நிற்காவிட்டால் வராது. நாம் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்தோம், விடுகதைகளைச் சேகரித்தோம். பட்டறைக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போன தமிழ்த்துறை ஆய்வாளர் எத்தனை பேர்? கிரவுன், பினியன் என்று ஆங்கிலச் சொற்கள் விரவிய பேச்சு நம் செவிக்குத் தமிழாகப் படவில்லை போலும்.

இதற்கிடையே அடியில் அச்சே மாறிவிட்டது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இல் முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. எந்திரம் குறுக்காகக் கிடக்கும் அத்தகைய கார்களில் விசை செங்கோணத்தில் திரும்ப வேண்டியதில்லை. டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே சாதாரணச் சாய்பற்களோடு அடங்கிவிடுகிறது. நீலச்சாயத்துக்கும் முட்டைத் தடத்துக்கும் அங்கே வேலையில்லை. 1998இல் காஞ்சி மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோவும் அப்படியே. அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. ஸ்ரீபெரும்புதூரிலும் செய்யாறிலும் ஆக்சில்ஸ் இந்தியா நிறுவனம் லாரிகளுக்கான அச்சுறைகளைச் செய்கிறது. லாரி, ஜீப், 2005இல் வந்த டாட்டா ஏஸ் போன்ற சிறு சுமைவண்டிகள் இவற்றில் கிரவுனும் பினியனும் வாழ்கின்றன. எனினும் பலருக்கு இப்போது திருத்துவதைவிட முழுத் தொகுதியையே மாற்றிவிடுவது இலாபமாக இருக்கிறது. நாள் முழுக்க ஐந்து முறை கழற்றிப் பூட்டும் கூலியை யார் கொடுப்பது என்ற கேள்வி நியாயமானதே.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கிரவுன் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகிறார்கள். விவரமறிந்த கடைக்காரர் கிரவுனையும் பினியனையும் தனித்தனியாகப் போடமாட்டார். கம்பியால் சேர்த்துக் கட்டியே வைத்திருப்பார். விவரமறிந்த வாடிக்கையாளரும் விலையைக் கேட்பதற்கு முன், கட்டைவிரலால் கிரீஸைத் துடைத்துவிட்டு, இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்ப்பார்.